யூனிட் சாரின் ஆயிரம் சுற்று

"எழுநூத்தி நாப்பத்தொண்ணு, எழுநூத்தி நாப்பத்திரெண்டு..."

"என்னங்க, யாரோ கதவைத் தட்டறாங்க. போய்ப் பாருங்க."

"எழுநூத்தி நாப்பத்தி... நாப்பத்தி..."

எண்ணிக்கை போனது போனதுதான். யூனிட் சார் கையிலிருந்த கறுப்பு வளையத்தை வெறித்துப் பார்த்தார். அதன்மேல் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி பாதிக்கு மேல் சுற்றியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இது மூன்றாவது முறை. முதல் முறை தும்மல் வந்தது. இரண்டாவது முறை மகள் பக்கத்தில் வந்து நின்று, "எவ்வளவுப்பா ஆச்சு?" என்று அன்போடு விசாரித்துவிட்டுப் போனாள்.

"ஆயிரம் சுத்து சுத்தணும்னு தெரியுமில்ல? நடுவுல எதுக்குக் கூப்பிடற?"

"நீங்க முணுமுணுத்துக்கிட்டு இருந்தீங்க. வழக்கம்போல என்னைத்தான் திட்டறீங்கன்னு நினைச்சேன்," என்றாள் மனைவி.

யூனிட் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அதை ஞாபகம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இந்த முறை ஐம்பத்தெட்டு யூனிட்தான்" என்று பதில் சொல்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுவது அவர் உத்தியோகம். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது அவர் அவதார நோக்கம். வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் அவர் கைப்பட எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. லைட்டுக்குக் கீழே 'தேவையா?' ஃபேனுக்குக் கீழே 'உண்மையிலேயே தேவையா?' ஏ.சி.க்குக் கீழே 'மனசாட்சியைத் தொட்டுச் சொல்'. அவர் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு அந்தச் சீட்டுகளை யார் படித்தார்கள் என்பது வேறு விஷயம். பில் குறைவாக வந்தது. அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கதவைத் திறந்தார். எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தனி ஆள், யார் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்று கேட்டுக்கொள்கிற சுபாவம். கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"சார், இந்த முறை பில்லு இன்னும் ஏறியிருக்கு. அறுநூத்தி ஐம்பத்தஞ்சு யூனிட்."

"ஏறியிருக்கா? நான் சொன்னதெல்லாம் செஞ்சீங்களா, இல்லையா?"

"செஞ்சேன் சார். ஹீட்டரைக் கழட்டிட்டேன். பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறேன்."

"பிரிட்ஜு?"

"அணைச்சுட்டேன் சார். இப்ப அதுல சட்டை மடிச்சு வெச்சிருக்கேன்."

"டிவி?"

"உங்க வீட்டு டிவி சத்தத்தையே கேட்டுக்கறேன் சார்."

"லைட்டு?"

"படிக்கட்டு லைட்டுல உக்காந்துதான் பேப்பர் படிக்கிறேன். மாடிக்கு ஏறி இறங்கறவங்க கால் பட்டு ரெண்டு பக்கம் கிழிஞ்சு போச்சு."

யூனிட் சார் உதட்டைப் பிதுக்கினார். பாடம் சொல்லிக்கொடுத்தும் தேறாத மாணவனைப் பார்க்கும் பார்வை அது. உள்ளே போய்த் தன் பில்லை எடுத்து வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதைப் பாருங்க. போன தடவை ஐம்பத்தெட்டு. இந்தத் தடவை நாப்பத்தொண்ணு! பொண்ணு வேற விடுதியிலேர்ந்து லீவுக்கு வந்திருக்கா. மூணு பேர் இருந்தும் குறைஞ்சிருக்கு. எப்படி?"

"எப்படி சார்?"

"கட்டுப்பாடு."

கண்ணாடிக் கடைக்காரர் அந்த நாற்பத்தொன்றைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்.

"கவலைப்படாதீங்க. உங்க கரண்ட்டை எவனோ திருடறான். அவனைப் பிடிக்கத்தான் இது." யூனிட் சார் வளையத்தைத் தூக்கிக் காட்டினார். "கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர். என் கையாலயே செய்யறேன். உங்க வீட்டுக்குப் போற வயர் இந்த வளையத்து நடுவுல போகணும். வயர்ல எவ்வளவு ஓடுதோ, அதுல ஆயிரத்துல ஒரு பங்கு இந்தக் கம்பியில எட்டிப்பார்க்கும். நீங்க எதையும் தொடவே வேண்டாம். திருடன் தானா மாட்டுவான்."

"சரிங்க சார்," என்றார் கடைக்காரர்.

இதில் பரோபகாரம் மட்டும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இன்னும் மூன்று வாரத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல். திருடனைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டால் எதிர்த்து யார் நிற்பார்கள்? நன்றியுரையைக்கூட மனதுக்குள் எழுதி வைத்திருந்தார். அதில் மூன்று இடங்களில் கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் ஆயிரம் சுற்று முடிந்தது. ஆயிரத்துப் பதினைந்தாகவும் இருக்கலாம். கம்பியின் இரண்டு முனைகளையும் மல்டிமீட்டரில் இணைத்தார். அயர்ன் பாக்ஸின் வயரை வளையத்துக்குள் விட்டு, குடும்பத்தைக் கூப்பிட்டு, சுவிட்சைப் போட்டார்.

மல்டிமீட்டர் சைபர் காட்டியது.

அயர்ன் பாக்ஸ் சூடாகிக்கொண்டே போனது. சைபர் அசையவில்லை.

"அப்பா, அந்த வயருக்குள்ள ரெண்டு வயர் இருக்கு இல்ல?" என்றாள் மகள், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒண்ணுல போறது, இன்னொண்ணுல திரும்பி வருது. ரெண்டையும் சேர்த்து உள்ள விட்டா ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ஒரே ஒரு வயரைத்தான் விடணுமாம்."

"அது எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

வயரின் மேலுறையைப் பிளந்து, ஒற்றை வயரை மட்டும் வளையத்தில் விட்டார். இப்போது எண் எழுந்தது. யூனிட் சாரின் நெஞ்சும் எழுந்தது. கம்பி முனைகளுக்குக் குறுக்கே போட்டிருந்த சின்ன ரெசிஸ்டர் சரியாக ஒட்டவில்லை என்று தோன்றியது. அயர்ன் பாக்ஸை அணைக்காமலேயே அதைப் பிய்த்தெடுத்து, முனைகளை விரலால் பிடித்தார்.

சுளீரென்று ஒன்று முழங்கை வரை ஓடியது. அவர் போட்ட சத்தத்தில் படிக்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர் ஓடி வந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. எவ்வளவு சக்தி வருதுன்னு சோதிச்சேன்," என்றார் யூனிட் சார், விரலை வாயில் வைத்தபடி. ரெசிஸ்டர் இல்லாமல் அந்த முனைகளைச் சும்மா விட்டால் கடிக்கும் என்பதை அன்று அவர் விரல் கற்றுக்கொண்டது. அவர் கற்றுக்கொண்டாரா என்பது சந்தேகம். மறுநாளும் ஒருமுறை கத்தினார்.

அடுத்த சிக்கல் தரைத்தளத்தில் காத்திருந்தது. கட்டடத்தின் எல்லா மீட்டர்களும் அங்கேதான், படிக்கட்டுக்கு அடியில், வரிசையாகப் பலகையில் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் வீட்டு எண் எழுதிய தகடு, எட்டு வருஷத்துக்கு முன் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்தவர்கள் தேதி போட்டு மாட்டிவிட்டுப் போனது. முழு வளையத்துக்குள் வயரை விடவேண்டுமென்றால் வயரை வெட்டவேண்டும். கட்டடத்து எலக்ட்ரீஷியன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், எனக்குப் புள்ளைகுட்டிங்க இருக்கு. கரண்ட் ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க, வெட்டித் தர்றேன்."

யூனிட் சார் சளைக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் வயரில் கறுப்பாக ஓர் உருண்டை இருக்குமே, இரண்டாகப் பிளந்து கிளிப் போட்டு மூடுவது, அதைப் பிய்த்தெடுத்தார். அதைத் திறந்து வயரின்மேல் கவ்வ வைத்துவிடலாம், வெட்டவே வேண்டாம். சுற்றுவதுதான் நரகம். அந்தச் சின்ன இடத்தில் ஆயிரம் சுற்று சுற்றிமுடிக்க நான்கு சாயங்காலங்கள் ஆயின. இந்த முறை அவர் எண்ணும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று சட்டம். மனைவி சைகையால் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் அதற்கும் எண்ணிக்கை தவறவிட்டார்.

சனிக்கிழமை முதல் சோதனை. தெரிந்த இடத்தில் அளந்து பார்த்துவிட்டுத்தான் தெரியாத இடத்துக்குப் போகவேண்டும் என்பது அளவைத் துறையின் பாலபாடம். ஆகவே முதலில் தன் வீட்டு எண் போட்ட மீட்டருக்குப் போனார். கீழேயிருந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"எல்லாத்தையும் போடு."

"எதையெல்லாம்?"

"எல்லாத்தையும்! ஏ.சி., ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், எல்லாம்!"

"என்னங்க, உங்களுக்கு உடம்பு சரியாத்தானே இருக்கு?"

"சொன்னதைச் செய்!"

செய்தாள். யூனிட் சார் உருண்டையைத் தன் மீட்டரிலிருந்து போகிற வயரில் கவ்வ வைத்தார். மல்டிமீட்டரைப் பார்த்தார். சைபர். தட்டினார். சைபர். மூன்று மாடி ஏறி வந்து அயர்ன் பாக்ஸில் வைத்துப் பார்த்தார், அழகாகக் காட்டியது. மூன்று மாடி இறங்கிப் போய் மறுபடி வைத்தார். சைபர். இப்படி ஏழு முறை. எட்டாவது முறை ஏறும்போது தையல்காரம்மா வாசலில் நின்று, "நடைப்பயிற்சியா சார்? நல்லது, வயித்துக்கு நல்லது," என்றாள். இரண்டாவது மாடியில் வீட்டோடு தையல் கடை வைத்திருப்பவள். கணவனை இழந்த பிறகு ஒற்றை ஆளாக இரண்டு மிஷின் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். நாக்கு ஊசியைவிடக் கூர்.

கம்பியைப் பிரித்து மறுபடி சுற்றினார். சைபர். உருண்டையில் கோளாறு என்றார். காற்றில் ஈரம் என்றார். கம்பி விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார். மூன்றாவது முறை சுற்றியும் தன் மீட்டரில் அது அசைந்து கொடுக்காததும், கடைசியில் அவருக்கே ஞானம் பிறந்தது.

"நம்ம வீட்டுல கரண்ட்டே அவ்வளவு கம்மியாத்தான் ஓடுது. அதான் காட்ட மாட்டேங்குது. சிக்கனம் அந்த அளவுக்குப் போயிடுச்சு!"

"எல்லாத்தையும் போட்டிருந்தேனே?" என்றாள் மனைவி.

"போட்டும் ஏறல பார்த்தியா? அதுதான் பழக்கம்."

மனைவி ஏ.சி. ஓடுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடிக் கடைக்காரரைக் கையோடு கீழே கூட்டிப் போனார்.

"வீட்டுல என்னென்ன ஓடுது?"

"மெயினையே அணைச்சுட்டு வந்தேன் சார்."

கடைக்காரரின் எண் போட்ட மீட்டரிலிருந்து போகிற வயரில் உருண்டையைக் கவ்வ வைத்தார். மல்டிமீட்டரில் எண்கள் எம்பிக் குதித்தன. யூனிட் சாரும் குதித்தார்.

"பிடிச்சேன்! பாருங்க, பாருங்க! மெயின் அணைச்சிருக்கு, ஆனா ஆறு ஆம்பியர் ஓடுது! உங்க வயர்லேர்ந்து எவனோ இழுக்கறான்!"

"யாரு சார்?"

யூனிட் சார் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடியிலிருக்கும் கடைக்காரர் வீட்டுக்கு நேர்கீழே தையல்காரம்மா வீடு. அந்த ஜன்னல் வழியாக அயர்ன் பாக்ஸின் ஆவி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு அறிவாளிக்கு வேறென்ன வேண்டும்?

"தையல்காரம்மா!" என்று மீட்டர் பலகைக்குத் திரும்பி வந்து, மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார். "அந்த அயர்ன் பாக்ஸை அணைங்க!"

"எதுக்கு?"

"அணைங்கன்னா அணைங்க!"

மேலே ஏதோ முணுமுணுப்பு. சுவிட்ச் தட்டும் சத்தம். சில நொடிகளில் எண்கள் தடதடவென்று இறங்கி அடிமட்டத்தில் நின்றன.

அந்த மகத்தான நிமிடத்தில் மனைவி பையோடு படியிறங்கி வந்தாள்.

"நான் கடைக்குப் போறேன். வீட்டுல எல்லாத்தையும் அணைச்சுட்டேன். உங்க சீட்டு மேல சத்தியம்."

"குறுக்க வராத! முக்கியமான நேரம் இது!"

கண்ணாடிக் கடைக்காரருக்கு மனம் கேட்கவில்லை. "அந்தம்மா அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க சார். போன மாசம் என் ஜன்னல் திரையைச் சும்மாவே தச்சுக் கொடுத்தாங்க."

"அதான்! திருடினவங்களுக்குக் குற்ற உணர்ச்சி இருக்கும்."

அன்று மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவியது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற நிபந்தனையோடு யூனிட் சார் பதினொரு வீடுகளுக்கு நேரில் போய்ச் சொன்னார். சாயங்காலத்துக்குள், தைக்கக் கொடுத்திருந்த துணிகளை நான்கு பேர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாவதாகத் தையல்காரம்மாவே படியேறி வந்தாள். கையில் யூனிட் சாரின் மகளுடைய சட்டை. செவ்வாய்க்கிழமை வேலைக்கான நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ள மகள் ஆசையாகத் தைக்கக் கொடுத்தது. ஒரு பக்கம்தான் கை இருந்தது.

"இந்தாங்க சார். இன்னொரு கையைத் திருட்டுக் கரண்ட்ல தைக்க எனக்கு மனசு வரல."

"அம்மா, அளவு கருவி காட்டுது. நான் என்ன செய்ய?"

"காட்டட்டும். எட்டு வருஷமா என் புருஷன் போட்டோவுக்கு முன்னாடி ஒரு பல்பு எரியுது. அது ஒண்ணுதான் நான் வீணா எரிக்கிற கரண்ட்டு. அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசிக்கலாம்." சட்டையை அவர் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

மகள் அந்த ஒற்றைக் கைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"இன்டர்வியூவுக்கு நான் பாதி உடம்போட போகட்டுமாப்பா?"

மூன்று நாள் வீட்டில் அவரோடு யாரும் பேசவில்லை. எண்ணிக்கை தவறாமல் கம்பி சுற்றுவதற்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. கூட்டத்தில் காட்டுவதற்காக அதே உருண்டைக் கருவியின் கம்பியைப் பிரித்து இன்னும் நேர்த்தியாகச் சுற்றினார். எல்லாருக்கும் தெரியும்படி சிவப்பு விளக்கு வேறு பொருத்தினார்.

கூட்டம் வண்டி நிறுத்தும் இடத்தில், ஞாயிறு காலை பத்து மணிக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. தேர்தலென்றால் எட்டிப்பார்க்காதவர்கள் திருட்டு என்றதும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். யூனிட் சார் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் வந்து நின்று, தொண்டையைக் கனைத்தார்.

"அன்பார்ந்த குடியிருப்போரே..."

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் தையல்காரம்மா. அவள் தனியாக வரவில்லை. கூடவே மின்சார ஆபீஸ் ஆய்வாளர் வந்திருந்தாள். ஒல்லியான பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச். "நான்தான் எழுதிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தேன். நான் திருடியிருந்தா இங்கேயே என் வீட்டு லைனை வெட்டட்டும். இல்லேன்னா சார் என்கிட்ட, இத்தனை பேர் முன்னால, மன்னிப்புக் கேட்கணும்."

"தாராளமா!" என்றார் யூனிட் சார்.

ஆய்வாளர் அதிகம் பேசவில்லை. தையல்காரம்மா வீட்டு மெயினை அணைக்கச் சொல்லி, அவளுடைய மீட்டரைப் பார்த்தாள். போடச் சொல்லிப் பார்த்தாள். "இது சரியா இருக்கு," என்றாள். கூட்டத்தில் சலசலப்பு. யூனிட் சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கெட்டிக்காரத் திருடர்கள் அப்படித்தான்.

"சார், உங்க வீட்டு மெயினைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்க," என்றாள் ஆய்வாளர்.

"ஒப்பிட்டுப் பார்க்க யோக்கியமான வீடு ஒண்ணு வேணும் இல்லையா, அதுக்குத்தான்," என்று யூனிட் சார் கூட்டத்துக்கு விளக்கினார். மேலே மகள் அணைத்தாள். ஆய்வாளர் டார்ச்சை இந்த மீட்டரில் அடித்தாள், அந்த மீட்டரில் அடித்தாள். "போடச் சொல்லுங்க." மகள் போட்டாள். "இன்னொரு தடவை அணைக்கச் சொல்லுங்க." அணைத்தாள். ஆய்வாளர் நிமிர்ந்து, புத்தகத்தில் ஏதோ எழுதினாள். பிறகு அவள் கண் யூனிட் சாரின் கருவிமேல் போனது. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நீங்களே செஞ்சதா சார்?"

இவ்வளவு நாளில் அதை ஒருவர் மரியாதையாகக் கேட்டது இதுதான் முதல் முறை. யூனிட் சார் அப்படியே மலர்ந்துவிட்டார். "முழுக்க என் கை வேலை. ஆயிரம் சுத்து. ரெசிஸ்டர் நூறு ஓம். ஆம்பியருக்குச் சரியா..."

"உங்க மீட்டர்ல மாட்டினப்போ என்ன காட்டிச்சு?"

"அது... ஆரம்பத்துல கொஞ்சம் பழுது. எல்லாத்தையும் போட்டு வெச்சும் ஒண்ணுமே காட்டல. எங்க வீட்டுல சிக்கனம் அதிகம், அதனாலயும் இருக்கும்."

"எதிர்வீட்டு சார் மீட்டர்ல?"

"அங்கதான் பிரமாதமா வேலை செஞ்சது! மெயினே அணைச்சிருந்தும் ஆறு ஆம்பியர்!"

கூட்டம் அவரையும் ஆய்வாளரையும் மாறி மாறிப் பார்த்தது. ஓரமாக நின்றிருந்த கண்ணாடிக் கடைக்காரர், எதற்கும் இருக்கட்டுமென்று, கையைக் கட்டிக்கொண்டார். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

ஆய்வாளர் கருவியைப் பத்திரமாக அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல ஒரு பழுதும் இல்ல சார், முதல் நாள்லேர்ந்து இது ஒரு பொய்கூட சொல்லல, பெயின்ட் அடிச்சவங்க நம்பர் தகட்டை மாத்தி மாட்டிட்டாங்க, எட்டு வருஷமா உங்க வீட்டு ஏ.சி.க்கெல்லாம் பில் கட்டிட்டு வர்றது எதிர்வீட்டு சார்தான்."